தையில் புகை, ஆனியில் புழுதி: இந்தியப் பெருங்கடலின் மேல் வீசும் காற்று

கடற்காற்று தூய்மையானது என்று சொல்லிச் சொல்லியே அதை ஐயமற்ற உண்மையாக்கிவிட்டோம். எந்த மாதத்தில், எந்தத் திசையிலிருந்து வரும் காற்று என்று கேட்காமல் இந்தியப் பெருங்கடலைப் பற்றி அப்படிப் பொதுவாகச் சொல்ல முடியாது. அட்லாண்டிக்கும் பசிபிக்கும் வடக்கே துருவத்தை நோக்கி நீண்டு செல்கின்றன. இந்தியப் பெருங்கடலை மட்டும் ஆசியக் கண்டம் வடக்கே அடைத்து நிற்கிறது. அதனால்தான் இங்கே காற்று ஆண்டுக்கு இருமுறை திசை மாறுகிறது. குளிர்காலத்தில் நிலம் கடலைவிட விரைவாகக் குளிர்ந்து காற்றைத் தெற்கே தள்ளுகிறது. கோடையில் நிலம் சூடேறிக் கடற்காற்றைத் தன்பால் இழுக்கிறது. மழையைப் பற்றிப் பேசும்போது இந்தத் திசை மாற்றத்தை நாம் மறப்பதில்லை. அதே காற்று நிலத்திலிருந்து எதை அள்ளிக்கொண்டு கடலுக்குப் போகிறது என்பதை மட்டும் ஏனோ அதிகம் பேசுவதில்லை.

செயற்கைக்கோள் படங்களைப் பார்ப்பது பல ஆண்டுகளாக எனக்கு வழக்கம். சனவரி மாதத்துத் தெளிந்த நாளொன்றின் படத்தில், இமயமலையின் அடிவாரத்தை ஒட்டி, பஞ்சாபிலிருந்து வங்காளம் வரை சாம்பல் நிறப் பட்டை ஒன்று படிந்திருக்கும். வடக்கே மலை மறித்து நிற்பதால் அது கங்கைச் சமவெளி வழியாகக் கிழக்கே நகர்ந்து, சுந்தரவனத்தைத் தாண்டி, வங்காள விரிகுடாவின் தலைப்பகுதியில் விசிறியாக விரிந்து, பிறகு தென்மேற்காகத் திரும்பி இலங்கையையும் மாலத்தீவையும் நோக்கிப் போவதைக் கண்ணாலேயே பின்தொடர முடிகிறது. அதே கடலை சூன் மாதக் கடைசியில் பார்த்தால் காட்சி முற்றிலும் வேறு. வங்கக்கடல் மேகத்தில் மறைந்திருக்கும். அரபிக்கடலின் வடமேற்கு மூலையில், ஓமான் கடற்கரைக்கு அப்பால், மங்கிய மஞ்சள் நாக்கு ஒன்று நீல நீரின்மேல் நீண்டிருக்கும். முதலாவது புகை, இரண்டாவது புழுதி. இரண்டையும் ‘காற்றில் மிதக்கும் துகள்கள்’ என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுகிறோம். அப்படி அடக்குவதால், எதற்கு மனிதர் பொறுப்பு, எதற்கு இயற்கை பொறுப்பு என்ற கேள்வியே அடிபட்டுப் போகிறது என்பது என் கருத்து.

புழுதி கிளம்பும் விதத்தை முதலில் பார்ப்போம். பாலைநிலத்தில் காற்று வலுத்தால் மிக நுண்ணிய துகள்தான் முதலில் பறக்கும் என்று தோன்றும்; நடப்பது அதுவன்று. ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள களிமண் துகள்கள் ஒன்றோடொன்று இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால் அவற்றைக் காற்று நேரடியாகப் பெயர்த்தெடுப்பது கடினம். முதலில் அசைபவை ஏறத்தாழ 100 மைக்ரான் அளவுள்ள மணல் மணிகளே. அவை காற்றில் சிறிது தூரம் எழும்பி, தாவி, மீண்டும் தரையில் மோதுகின்றன. அந்த மோதல்தான் களிமண் கட்டிகளை உடைத்து நுண்துகள்களை வெளியே தெறிக்கவைக்கிறது. ஆகவே புழுதி மிகுதியாகக் கிளம்பும் இடங்கள் வெறும் மணற்குன்றுகள் அல்ல. மணலும் நுண்ணிய வண்டலும் அருகருகே கிடக்கும் வற்றிய ஏரிப்படுகைகளும் ஆற்றுச் சமவெளிகளுமே. டைகிரிசு, யூப்ரடீசு ஆறுகளின் வண்டல் நிலமும் ஈரான் ஆப்கானிசுதான் எல்லையிலுள்ள சீசுதான் படுகையும் இவ்வகையைச் சேர்ந்தவை. சீசுதானில் கோடை முழுவதும் அடிக்கும் வடகாற்றை அங்குள்ள மக்கள் ‘நூற்றிருபது நாள் காற்று’ என்றே அழைக்கிறார்கள்.

மேலே ஏறிய துகள் எவ்வளவு தூரம் போகும் என்பதை அதன் பருமனே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. எளிய கணக்கு ஒன்றைப் போட்டுப் பார்க்கலாம். கல்லின் அடர்த்தியுள்ள 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் நொடிக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் விழும். ஒரு நாளில் கிட்டத்தட்ட 700 மீட்டர் இறங்கும். 3 கிலோமீட்டர் உயரத்தில் கிளம்பினால் கடலைத் தொட நான்கு நாட்களுக்கு மேல் ஆகும். அதற்குள், நொடிக்கு 8 மீட்டர் வேகமுள்ள காற்று அதை 2,500 கிலோமீட்டருக்கு அப்பால் சேர்த்துவிடும்; அரேபியாவின் தென்கரையிலிருந்து இந்தியாவின் மேற்குக் கரைக்கு வர இதுவே போதும். விழும் வேகம் விட்டத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், ஒரு மைக்ரான் துகள் நூறு மடங்கு மெதுவாக விழுகிறது; நாளொன்றுக்கு ஏழு மீட்டர்தான். புவியீர்ப்பை மட்டும் நம்பியிருந்தால் அது கீழே வர ஓராண்டுக்கு மேலாகும். அத்தகைய நுண்துகளைக் காற்றிலிருந்து இறக்குவது பெரும்பாலும் மழைதான். மழை இல்லாத பருவத்தில் காற்று நிலத்திலிருந்து கடலுக்கு வீசுமானால், அதைத் தடுப்பதற்கு வழியில் எதுவும் இருக்காது.

குளிர்காலத்தில் நம் கடலின் மேல் நடப்பது இதுவே. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பெய்யும்போது காற்றிலுள்ள துகள்களில் பெரும்பகுதி நீரோடு இறங்கிவிடுகிறது. மழை ஓய்ந்து, தை பிறந்த பிறகு வீசும் வறண்ட வாடைக்காற்றுதான் புகையைத் தொலைதூரம் சுமக்கும் காற்று. வானில் மேகம் குறைவு. மேலிருந்து காற்று மெல்ல அமிழ்ந்து இறங்கியபடி இருக்கும். தரைக்குச் சற்று மேலே குளிர்ந்த காற்றின்மீது வெப்பமான காற்று மூடிபோல் அமர்ந்து, புகை மேலெழுந்து கலைந்து போகாமல் தடுக்கும். விறகடுப்பு, சாண எரு, செங்கற்சூளை, டீசல் எந்திரம், அனல்மின் நிலையம் ஆகியவற்றின் புகையெல்லாம் இந்த மூடியின் கீழே சேர்ந்து கடலை நோக்கி நகர்கிறது. நிலநடுக்கோட்டைக் கடந்து தெற்கே, இரு அரைக்கோளங்களின் காற்றும் வந்து கூடி மேலெழுந்து மழையாகக் கொட்டும் மண்டலம் வரை இந்தப் பயணம் தொடர்கிறது. அந்த மழைப்பட்டைக்கு வடக்கே கண்டத்தின் புகை, தெற்கே உண்மையிலேயே தூய கடற்காற்று. ஒரே பெருங்கடலின்மேல் சில நூறு கிலோமீட்டர் இடைவெளியில் இப்படியொரு வேறுபாட்டை வேறெங்கும் எளிதில் காண முடியாது.

இந்த வேறுபாட்டை நேரில் அளந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணமே 1999 சனவரி முதல் மார்ச் வரை நடந்த இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டத்துக்கு அடிப்படை. அத்திட்டத்தை முன்னின்று நடத்தியவர்களுள் ஒருவர் சென்னையில் பிறந்த வளிமண்டல அறிவியலாளர் வீ. இராமநாதன், மற்றவர் ஓசோன் குறித்த ஆய்வுக்காக 1995-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற பால் குருட்சன். இந்தியத் தரப்புக்கு ஏ.பி. மித்ரா தலைமை தாங்கினார். சாகர் கன்யா உள்ளிட்ட ஆய்வுக் கப்பல்களும், மாலத்தீவிலிருந்து பறந்த விமானங்களும், காஷிதூ என்னும் சிறு தீவில் அமைக்கப்பட்ட நிலையமும் அதில் பங்கேற்றன. காஷிதூ கன்னியாகுமரியிலிருந்து 500 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளது. அங்கே ஆலை இல்லை, நெடுஞ்சாலை இல்லை. ஆனாலும் அங்கு அளந்தபோது கிடைத்தது பெருநகரின் புறப்பகுதியை நினைவூட்டும் காற்று. ஏறத்தாழ ஒரு கோடி சதுர கிலோமீட்டர் பரப்பில், கடல் மட்டத்திலிருந்து 3 கிலோமீட்டர் உயரம் வரை பழுப்புப் படலம் பரவியிருந்தது. அதன் துகள்களில் முக்கால் பங்குக்குக் குறையாதது மனிதச் செயல்களிலிருந்து வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இத்தகைய நிலையங்களில் வேலை நடக்கும் விதம் பார்ப்பதற்கு மிக எளியது. குவார்ட்சு இழையால் செய்த வெண்ணிற வடிதாள் ஒன்றைப் பொருத்தி, எக்கி ஒன்றால் அதன் வழியாகக் காற்றை இழுக்கிறார்கள். தாளைக் கழற்றும்போது, பிடிப்பான் வளையம் அழுத்தியிருந்த விளிம்பு மட்டும் வெள்ளையாக இருக்க, நடுவட்டம் குளிர்காலத்தில் சாம்பல் நிறமாகவோ கறுப்பாகவோ மாறியிருக்கும். புழுதி வந்த நாளில் அதே வட்டம் இளஞ்செம்மண் நிறம் காட்டும். மின்னணு நுண்ணோக்கியில் வைத்தால் வேறுபாடு இன்னும் தெளிவாகத் தெரியும். பாலைப் புழுதி, ஒழுங்கற்ற விளிம்புகளைக் கொண்ட களிமண் தகடுகளும் சுண்ணாம்பு, குவார்ட்சுச் சில்லுகளுமாக இருக்கும். சிலவற்றின் மேல் இரும்பு ஆக்சைடு ஒட்டியிருக்கும். புகைக்கரியோ, மில்லிமீட்டரின் பல்லாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள நுண்ணுருண்டைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒட்டி, திராட்சைக் கொத்துபோல் திரண்டிருக்கும். கடல்வழியில் சில நாட்கள் பயணம் செய்து முதிர்ந்த கரியின்மேல், நிலக்கரி போன்றவற்றை எரிப்பதால் உண்டாகும் கந்தகச் சேர்மமான சல்பேட்டும் கரிமப் பொருள்களும் படிந்து, கொத்து இறுகிச் சுருங்கிவிடுகிறது. அப்படிப் பூச்சு பெற்ற கரி, வெறுங்கரியைவிட அதிகமாக ஒளியை உறிஞ்சுகிறது.

ஒளி உறிஞ்சல் என்பதுதான் அந்த 1999 ஆய்வின் மையமான கண்டுபிடிப்பு. மேகமற்ற வானில், வட இந்தியப் பெருங்கடலின் பரப்பை அடையும் சூரிய ஒளி அந்தக் குளிர்காலத்தில் சதுர மீட்டருக்குச் சராசரியாக 20 வாட்டுக்கு மேல் குறைந்திருந்தது. இப்படிக் குறைந்ததில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் விண்வெளிக்குத் திரும்பியது. மீதி வழியிலேயே, அந்தப் பழுப்புப் படலத்துக்குள்ளேயே சிக்கி, காற்றைச் சூடாக்கியது. சல்பேட் மட்டும் இருந்திருந்தால் ஒளியைச் சிதறடித்துத் திருப்பி அனுப்பியிருக்கும், அவ்வளவே. கரி கலந்ததால் கடல் குளிர்கிறது, அதன் மேலுள்ள காற்று சூடாகிறது. 2006-இல் இராமநாதனின் குழு மாலத்தீவின் ஹனிமாதூ தீவிலிருந்து ஆளில்லாச் சிறு விமானங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு உயரங்களில் பறக்கவிட்டு, படலத்துக்குக் கீழும் உள்ளும் மேலும் ஒரே நேரத்தில் ஒளியை அளந்தது. கீழ் வளிமண்டலம் சூரிய ஒளியால் சூடேறும் அளவை அந்தப் படலம் ஏறத்தாழ 50 விழுக்காடு கூட்டியிருந்தது என்பது அந்த அளவீட்டின் முடிவு.

புகை யாருடையது என்ற கேள்வி அடுத்து எழுந்தது. அதற்கு விடை தந்தது கார்பன்-14 என்னும் கதிரியக்கக் கார்பன்; உயிர் போன பிறகு அது காலப்போக்கில் சிதைந்து மறைந்துவிடும். நிலக்கரியும் டீசலும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை. அவற்றில் கார்பன்-14 அறவே இருக்காது. நேற்றுவரை உயிரோடிருந்த மரத்திலும் வைக்கோலிலும் சாணத்திலும் அது இருக்கும். வடிதாளில் படிந்த கரியில் கார்பன்-14 எவ்வளவு என்று பார்த்தால், எதை எரித்த புகை அது என்று பிரித்துவிடலாம். ஹனிமாதூவிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள சின்கத்திலும் சேகரித்த மாதிரிகளை ஆராய்ந்து சுவீடனைச் சேர்ந்த ஓர்யன் குசுடாஃப்சனும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட முடிவின்படி, கரியின் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை உயிர்ப்பொருளை எரித்ததால் வந்தது. வாகனப் புகையை மட்டும் கட்டுப்படுத்தினால் கடல் தெளிந்துவிடும் என்ற நம்பிக்கை இந்த முடிவுக்குப் பிறகு நிற்கவில்லை. அடுப்பங்கரையில் புகையைச் சுவாசிக்கும் பெண்களுக்கு நல்ல எரிபொருள் கிடைப்பதும், மாலத்தீவின் வானத்தில் கரி குறைவதும் ஒரே செயலின் இரு பலன்கள் என்பதை நான் அழுத்தமாகவே சொல்ல விரும்புகிறேன்.

கடல்வழிப் பயணத்தில் துகள்கள் மாறாமல் இருப்பதில்லை. தில்லி, வங்கதேசத்தின் போலா தீவு, ஹனிமாதூ ஆகிய மூன்று இடங்களில் ஒரே குளிர்காலத்தில் மாதிரி எடுத்து ஒப்பிட்டபோது, நீரில் கரையும் பழுப்புக் கரிமப் பொருள்கள் வழிநெடுக வெயிலிலும் வேதிவினைகளிலும் சிதைந்து, மாலத்தீவை அடைவதற்குள் தம் நிறத்தின் பெரும்பகுதியை இழந்துவிடுவது தெரிந்தது. கறுப்புக் கரிக்கு அப்படி நிறம் போவதில்லை.

கோடையில் வரும் புழுதிக்கு வருவோம். சூன், சூலை மாதங்களில் ஈராக்கின் சமவெளியிலும் பாரசீக வளைகுடாவிலும் சமால் எனப்படும் வடமேற்குக் காற்று வலுக்கிறது. அது அள்ளிவரும் புழுதி அரேபியத் தீபகற்பத்தின் தென்கிழக்கே அரபிக்கடலை அடையும்போது, எதிரே தென்மேற்குப் பருவக்காற்று வந்துகொண்டிருக்கும். சோமாலியக் கரையோரம் ஒன்று, ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் பாயும் வேகக் காற்றோடை பருவக்காற்றின் முதுகெலும்பு. 1969-இல் அதைத் தெளிவாக வரைந்து காட்டியவர் வானிலை அறிவியலாளர் ஃபிண்ட்லேட்டர். ஈரமும் குளிர்ச்சியும் கொண்ட அந்தக் கடற்காற்று கனமானது. பாலையிலிருந்து வரும் சூடான வறண்ட காற்று இலேசானது. எனவே புழுதிக் காற்று கடற்காற்றின் மேலேறி, அதன் முதுகில் சறுக்கிக்கொண்டு கிழக்கே போகிறது. கடல் மட்டத்தில் நிற்கும் மாலுமி உப்புக் காற்றையே சுவாசிப்பார். அவருடைய தலைக்கு இரண்டு, மூன்று கிலோமீட்டர் மேலே புழுதி போய்க்கொண்டிருக்கும். 2006 ஏப்ரலில் ஏவப்பட்ட கலிப்சோ செயற்கைக்கோள் லேசர் கதிரைச் செங்குத்தாகக் கீழே செலுத்தி இந்த அடுக்குகளைத் தனித்தனியே காட்டியது. புழுதி தாழவும் வரலாம்: 2012 மார்ச்சு மாதம் அரேபியாவிலிருந்து கிளம்பிய பெரும்புழுதி அரபிக்கடலைக் கடந்து வந்து இந்தியாவின் மேற்குக் கரை நகரங்களில் வானத்தை வெளிறச் செய்தது.

கடலில் விழுந்த பிறகு புகையும் புழுதியும் வெவ்வேறு வகையில் செயல்படுகின்றன. கடலின் மிதவைப் பாசிகளுக்கு இரும்பு இன்றியமையாதது. நிலத்திலிருந்து தொலைவிலுள்ள கடற்பரப்பில் அது மிக அரிது. பாலைப் புழுதி இரும்பைக் கொண்டுவருகிறது, ஆனால் அதில் நீரில் கரையும் பங்கு ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. வங்காள விரிகுடாவுக்கு வரும் கங்கைச் சமவெளிக் காற்றிலோ இரும்பின் மொத்த அளவு குறைவாக இருந்தாலும், கரையும் பங்கு பல மடங்கு அதிகம் என்பதை அகமதாபாத் இயற்பியல் ஆய்வுக்கூடத்தினர் கப்பல் பயணங்களில் அளந்து காட்டியிருக்கிறார்கள். எரிதலிலிருந்து வரும் இரும்பு எளிதில் கரையக்கூடியது. புகையிலுள்ள அமிலமும் மண்துகளை அரித்து இரும்பை விடுவிக்கிறது. புகை கடலுக்கு உரமாகிறது என்று இதைப் படித்துவிட்டுச் சிலர் மகிழக்கூடும். அதே துகள்களோடு காரீயமும் நைட்ரசன் சேர்மங்களும் இறங்குகின்றன, ஒளியும் குறைகிறது என்பதையும் சேர்த்தே கணக்குப் பார்க்க வேண்டும்.

மழையின்மீது இவற்றின் தாக்கமும் ஒன்றுக்கொன்று எதிரானது. மேற்கு ஆசியப் புழுதி அரபிக்கடலின் மேல் காற்றைச் சூடாக்கி, ஈரக்காற்றின் வரத்தை வலுப்படுத்தி, ஒரு வாரத்துக்குள்ளாகவே இந்தியாவின் நடுப்பகுதியில் மழையைக் கூட்டுவதாக 2014-இல் வெளியான ஆய்வு ஒன்று கூறியது. குளிர்காலப் புகையோ வட இந்தியப் பெருங்கடலுக்கு ஒளியைக் குறைத்து, ஆவியாதலையும் தென்கடலோடு உள்ள வெப்ப வேறுபாட்டையும் குறைத்து, பருவமழையை நலிவுறச் செய்யும் என்பது இராமநாதன் முதலியோர் கணினி மாதிரிக் கணிப்புகளிலிருந்து முன்வைத்த கருத்து.

2020-இல் பொதுமுடக்கத்தின்போது ஆலைகளும் வாகனங்களும் நின்றன. ஹனிமாதூவின் கருவிகள் அப்போதும் இயங்கிக்கொண்டிருந்தன. அவற்றின் பதிவுகளின்படி ஒளியைச் சிதறடிக்கும் சல்பேட் வெகுவாகக் குறைந்தது. ஒளியை உறிஞ்சும் கரி அந்த அளவுக்குக் குறையவில்லை. கடலையும் நிலத்தையும் அடைந்த சூரிய ஒளி கூடியது. நிலக்கரியை விட்டு விலகும்போது சல்பேட் முதலில் போய்விடும் என்பதால் இந்த வரிசை கவலைக்குரியது. குளிர்விக்கும் துகள் மறைந்து, சூடாக்கும் துகள் நீடித்தால், அதுவரை மறைந்திருந்த வெப்பமும் வெளிப்படும். ஆகவே சல்பேட்டைக் குறைக்கும் அதே வேகத்தில் கரியையும், அதாவது விறகடுப்பையும் பயிர்க்கட்டை எரிப்பையும் பழைய டீசல் எந்திரங்களையும் மாற்றியாக வேண்டும். காற்றில் கரியின் ஆயுள் ஒரு வாரம் அளவே என்பது இதில் நமக்குச் சாதகமான செய்தி: நூற்றாண்டுகள் தங்கும் கரியமில வாயுவைப் போலன்றி, நிலத்தில் எரிப்பது நின்ற சில வாரங்களுக்குள்ளேயே அதன் பலன் ஹனிமாதூவின் வடிதாளில் தெரிந்துவிடும்.